கட்-ஆஃப் 178.5: பொறியியல் கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் 14 வரி போதுமா, 80 போடணுமா?

கரூர் அக்கா:
தம்பி பன்னிரண்டாம் வகுப்பு முடிச்சிருக்கான். கணக்கு 92, இயற்பியல் 84, வேதியியல் 89. பின்னது ரெண்டையும் பாதியாக்கிக் கணக்கோட கூட்டினா கட்-ஆஃப் 178.5. பி.சி. பிரிவு. சாய்ஸ் ஃபில்லிங்குக்கு, அதாவது வேணுங்கிற காலேஜையும் பாடப்பிரிவையும் வரிசையாப் போடுறதுக்கு, நோட்டுல 14 வரி எழுதி வச்சிருக்கான். முதல் வரி கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், அடுத்தது கோவை பி.எஸ்.ஜி. 14-மே கம்ப்யூட்டர் சயின்ஸ், சென்னையும் கோவையும் மட்டும். "கீழ சின்ன காலேஜைப் போட்டா அதையே தலையில கட்டிடுவாங்க"ங்கிறான். நான் இன்னும் சேர்க்கச் சொல்றேன். யார் சொல்றது சரி?

பழைய மாணவன்:
சேருங்க அக்கா, 80 கூட போடலாம். எத்தனை வரின்னு வரம்பே கிடையாது. கலந்தாய்வு சாஃப்ட்வேர், மாணவர்களோட ரேங்க் வரிசையில ஒவ்வொருத்தர் பட்டியலையும் மேலேர்ந்து பார்த்துட்டு வரும். முதல் வரியில இடம் இருந்தா அதோட நின்னுடும், இல்லாட்டி அடுத்த வரி. 60-ஆவது வரியில ஒரு காலேஜ் இருக்கிறதால 5-ஆவது வரி கைவிட்டுப் போகாது. கிண்டியை முதல்ல போட்டதாலயும் நஷ்டம் இல்ல. எங்க பேட்ச்ல ஒருத்தன் 11 வரி போட்டான், முதல் சுற்றுல ஒண்ணும் வரல. அடுத்த சுற்றுக்குப் போறதுக்குள்ள அவன் கேட்ட காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் தீர்ந்துபோச்சு.

மலர்விழி, திருச்சி:
இது பாதி உண்மைதான். எனக்கு 47-ஆவது வரி வந்துச்சு. பிரவுசிங் சென்டர் அண்ணன் "சும்மா இருக்கட்டும்மா"ன்னு சேர்த்தது. "கிடைச்சதை விடாதே"ன்னு வீட்டுல ஒரே பிடிவாதம். இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ்) லேப்ல, மின்னலையைத் திரையில காட்டுற ஒரு ஆஸிலோஸ்கோப்பைச் சுத்தி 12 பேர் நிப்போம். பின்னால நிக்கிற எனக்கு அலையே தெரியாது, பக்கத்துல இருக்கிறவ நோட்டைப் பார்த்து வரைவேன். நாலு வருஷம் அப்படித்தான் போச்சு. போக மனசில்லாத காலேஜுக்கு ஒரு வரி கூட கொடுக்காதீங்க.

பழைய மாணவன்:
கேக்கவே கஷ்டமா இருக்குங்க. ஆனா தப்பு பட்டியல் நீளமா இருந்ததுல இல்ல, விசாரிக்காம போட்டதுல. தவிர, கிடைச்சதைக் கையில வச்சுக்கிட்டே மேல இருக்கிற வரிக்குக் காத்திருக்கலாமே, அதுக்குத்தான் 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' இருக்கு.

மலர்விழி, திருச்சி:
நானும் அதைத்தான் கொடுத்தேன், மேல எதுவும் காலியாகல. அதை நம்பி வரி சேர்க்காதீங்க. கரூர் அக்கா, கலந்தாய்வு இணையதளத்துல முந்தின வருஷங்கள்ல எந்தக் காலேஜ்ல, எந்தப் பாடப்பிரிவுல, எந்த மார்க்கோட சீட் முடிஞ்சுதுன்னு சமூக வாரியா இருக்கும். பி.சி. பத்தியை மட்டும் பாருங்க. 178.5-க்கு மேல முடிஞ்சது கொஞ்சம், அதை ஒட்டி முடிஞ்சது நிறைய, கீழ முடிஞ்சது கொஞ்சம்னு கலந்து போடுங்க. தம்பியோட 14-ம் மேலயே நிக்குதுன்னுதான் தோணுது. அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுற தேர்ச்சி விகிதத்தையும் பாருங்க. சேலம், பர்கூர், திருநெல்வேலி அரசு காலேஜ்களைத் தம்பி எட்டிக்கூடப் பார்க்கலையே? அங்க ஃபீஸ் கம்மி.

பழைய மாணவன்:
அரசு காலேஜ் விஷயத்துல நானும் உங்க கட்சிதான். ட்ரிபிள் இ (எலெக்ட்ரிக்கல்), இ.சி.இ. படிச்சிட்டு சாஃப்ட்வேர் வேலைக்குப் போனவங்க என் வகுப்புலயே பாதிப் பேர். ஆனா போன வருஷ மார்க்கை அப்படியே நம்ப முடியாது, ஏறி இறங்கும். அதுக்காகத்தான் கீழ நிறைய வரி வேணும்கிறேன்.

கரூர் அக்கா:
நேத்து ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்தோம். பட்டியல் 47 ஆச்சு. ஒவ்வொரு வரிக்கும் "இது மட்டும்தான் வந்தா போவியா?"ன்னு கேட்டேன். எட்டுக்கு வாயே திறக்கல, அடிச்சிட்டேன். மிச்சம் 39. கிண்டி முதல் வரியிலேயே இருக்கு. பர்கூர் ட்ரிபிள் இ-யை அவனே நாலு தனியார் காலேஜுக்கு மேல ஏத்திட்டான். சனிக்கிழமை கடைசி வரிகள்ல இருக்கிற ரெண்டு காலேஜுக்குப் பஸ்ல போய்ப் பார்த்துட்டு வரப்போறோம்.

பழைய மாணவன்:
39 கம்மிதான் அக்கா. இன்னும் 20 சேருங்க.

மலர்விழி, திருச்சி:
சேருங்க, ஆனா அவன் வாய் திறக்காத எட்டு வேண்டாம். சனிக்கிழமை போறப்ப லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்க.