கோடர்ன் ரிலே சர்வர்: ‘டர்ன்யூட்டில்ஸ்’ சோதனையில் 403 வருகிறது, ஏற்காட்டில் வகுப்பு ஓடவில்லை. உதவி தேவை

வாத்தியார்_மாணவன் (திங்கள் இரவு)

வணக்கம். சேலம் அழகாபுரத்தில் எனக்குப் பத்தாவதில் கணக்கு எடுத்த வாத்தியார், ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறார். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட் கூடத்தில் சாயங்காலம் சேரும் பிள்ளைகளுக்கு வீடியோவில் பாடம் எடுக்க வேண்டுமாம். வெப்ஆர்டிசி (பிரவுசருக்குள்ளேயே வீடியோ பேச வைக்கும் நுட்பம்) வைத்து சின்னதாக ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். என் வீட்டு வைஃபைக்கும் அவர் வீட்டு வைஃபைக்கும் நடுவே கண்ணாடி மாதிரி ஓடுகிறது. மலையில் இருந்து திறந்தால் ‘இணைகிறது’ என்று சுற்றிச் சுற்றி, அரை நிமிடத்தில் செத்துவிடுகிறது.

இரண்டு பக்கமும் நேரடியாகப் பேச முடியாதபோது நடுவில் நின்று கடத்திவிடும் ரிலே வேண்டும் என்று தெரிந்ததும், வாடகை கிளவுட் மெஷினில் உபுண்டு போட்டு கோடர்ன் என்ற ரிலே மென்பொருளை ஏற்றினேன். கட்டமைப்பு ஃபைல் இணையத்தில் கிடைத்த ஒன்று, பாதி புரிந்து பாதி புரியாமல் ஒட்டியது. பிறகு அதோடு வரும் சோதனைக் கருவிகளை ஓட்டிப் பார்த்தேன். போனில் தட்டுவதால் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐபி எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

டர்ன்யூட்டில்ஸ்_ஸ்டன்கிளையன்ட் 203.0.113.45

இதில் என் வீட்டுப் பொது முகவரி சரியாக வருகிறது. அடுத்து:

டர்ன்யூட்டில்ஸ்_யூகிளையன்ட் -வி -ஒய் -யூ மாணவன் -டபிள்யூ மாம்பழம்123 203.0.113.45

அலொகேட் (ரிலேயில் நமக்கு ஒரு முகவரி வாங்குவது) வெற்றி என்கிறது. அதற்கடுத்து, எதிர்முனைக்குப் பாதை கேட்கும் இடத்தில், ‘சேனல் பைண்ட்: எரர் 403 (ஃபர்பிடன் ஐபி)’. சர்வர் லாகில் ஒவ்வொரு முறையும் 401 கூட விழுகிறது. பாஸ்வேர்டு தப்பா, ஃபயர்வாலா, வேறா? பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிறது.

செவ்வாய்ப்பேட்டை_தறி

எனக்கும் இதே 403 வந்தது தம்பி. கட்டமைப்பில் ‘டினைட்-பியர்-ஐபி’ என்று, எந்த எதிர்முனை (பியர்) முகவரிக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லும் நாலைந்து வரி இருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு சர்வரை மறுபடி கிளப்புங்கள். அவ்வளவுதான், எனக்கு உடனே சரியாகிவிட்டது.

மலைமிளகு

அழிக்காதீர்கள்! தறி அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அந்த வரிகள் வாசல் கதவு. ரிலே என்பது வெளியாள் கொடுக்கும் பொட்டலத்தை வாங்கி, அவர் சொல்லும் முகவரிக்குத் தன் பெயரில் அனுப்பும் ஆள். 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் உள் முகவரிகளைத் தடுக்காவிட்டால், பாஸ்வேர்டு கிடைத்த எவரும் உங்கள் ரிலே வழியாக உள் நெட்வொர்க்கைத் தட்டிப் பார்க்கலாம். கோடர்ன் யூடிபியோடு டிசிபி ரிலேவும் தரும் என்பதால் இது இன்னும் மோசம். இந்த மாதிரி ஓட்டைதான் 2021 ஜனவரியில் வந்த 4.5.2 பதிப்பில் அடைக்கப்பட்டது: 0.0.0.0 என்று பியர் முகவரி கொடுத்து சர்வரின் சொந்த லூப்பேக்கை (மெஷின் தனக்குத்தானே பேசும் முகவரி) தொட முடிந்தது. உங்களுடையது அதற்கு முந்தைய பதிப்பு என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

401ஐ மறந்துவிடுங்கள், அது நோயே இல்லை. கிளையன்ட் முதலில் வெறுங்கையோடு வரும்; ‘யார் நீ’ என்று சர்வர் 401 சொல்லி ரியல்மும் (சர்வரின் பெயர்ப்பலகை) நான்ஸும் (தற்காலிகக் குறிச்சொல்) கொடுக்கும்; அதை வைத்துக் கையெழுத்துப் போட்டு கிளையன்ட் திரும்ப வரும். ஒவ்வொரு நல்ல இணைப்பிலும் ஒரு 401 இருக்கும். முதல் தடவைக்குப் பிறகும் 401 தொடர்ந்தால்தான் பாஸ்வேர்டையோ ரியல்மையோ சந்தேகப்பட வேண்டும்.

சரி, எனக்கு ஒரு வரி வேண்டும். யூகிளையன்டை மைனஸ் வி போட்டு ஓட்டினால் ‘ரிசீவ்டு ரிலே அட்ரஸ்’ என்று ஒன்று வருமே, அதில் என்ன இருக்கிறது?

வாத்தியார்_மாணவன்

அந்த வரியை நான் கவனிக்கவே இல்லை. கடைசியில் வரும் பேக்கெட் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐபிவி4. ரிசீவ்டு ரிலே அட்ரஸ்: 172.31.8.20:52417

மலைமிளகு

இதுதான் விஷயம். 172.31 என்பது கிளவுட் மெஷினுக்கு உள்ளே இருக்கும் முகவரி. பொது ஐபி அந்த மெஷின் மேல் ஒட்டவில்லை, வாசலில் ஒருவர் மாற்றி எழுதி உள்ளே அனுப்புகிறார். கோடர்னுக்கு அது தெரியாது. எனவே ‘என் விலாசம் 172.31.8.20’ என்று வருபவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. மைனஸ் ஒய் போட்டால் இரண்டு ரிலே முனைகள் ஒன்றோடொன்று பேசும். ஒரு முனை இன்னொன்றின் 172.31 முகவரிக்கு வழி கேட்கிறது, டினைட் வரி தடுக்கிறது, 403. தடுத்தது சரிதான்.

இந்த வரியைச் சேருங்கள், பொது முகவரி முதலில், உள் முகவரி அடுத்து:

எக்ஸ்டர்னல்-ஐபி=203.0.113.45/172.31.8.20

சர்வரை மறுபடி கிளப்பி, ரிலே அட்ரஸ் வரியில் 203 வருகிறதா என்று பாருங்கள்.

வாத்தியார்_மாணவன் (செவ்வாய் காலை)

203.0.113.45:50933 என்று வருகிறது, நன்றி. ஆனால் 403 அப்படியே இருக்கிறது! தறி அண்ணன் சொன்னதைச் செய்துவிடலாமா என்று கை அரிக்கிறது.

மலைமிளகு

கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நானும் இதில் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டவன்தான். எக்ஸ்டர்னல்-ஐபி கொடுத்ததும், பியர் முகவரியாகத் தன் பொது ஐபி வந்தால் கோடர்ன் அதை உள்ளுக்குள் 172.31.8.20 என்று மாற்றிக்கொள்கிறது. தடைப் பட்டியலை அதற்குப் பிறகுதான் பார்க்கிறது. இதற்கு அந்த ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் போதும்:

அலவுட்-பியர்-ஐபி=172.31.8.20

டினைட் வரிகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வாத்தியாரும் பிள்ளைகளும் இரண்டு பக்கமும் ரிலே வழியாக வரும்போது இந்த விலக்கு நிஜத்திலும் தேவைப்படும்.

வாத்தியார்_மாணவன்

போய்விட்டது! ‘டோட்டல் லாஸ்ட் பேக்கெட்ஸ் 0’. நாளைக்கு மலைக்குக் கிளம்புகிறேன்.

அஞ்சுரோடு

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். அந்தப் பூஜ்ஜியத்தை நம்பி பஸ் ஏறாதீர்கள். யூகிளையன்ட் தானாக அனுப்புவது வெறும் 5 செய்தி, ஒவ்வொன்றும் 100 பைட். வீடியோ பேக்கெட் ஆயிரம் பைட்டைத் தாண்டும். இப்படி ஓட்டுங்கள்: -என் 1000 -எல் 1000. 20 மில்லி செகண்டுக்கு ஒன்று வீதம் அனுப்பும், 20 செகண்டுக்கு மேல் ஓடும். அப்போது வரும் சதவீதத்தில்தான் அர்த்தம் இருக்கும்.

இன்னொன்று. மைனஸ் ஒய் சோதனையில் இரண்டு ரிலே முனைகளும் ஒரே மெஷினில்தான் இருக்கின்றன. நடுப்பாதை வெளியே வருவதே இல்லை. கிளவுட் ஃபயர்வாலில் எந்த போர்ட்டைத் திறந்தீர்கள்?

வாத்தியார்_மாணவன்

3478 மட்டும், யூடிபியும் டிசிபியும்.

அஞ்சுரோடு

நினைத்தேன். 3478 கிளையன்ட் வந்து பேசும் வாசல்தான். வீடியோ போய் வருவது ரிலே போர்ட்டுகளில்: 49152 முதல் 65535 வரை, யூடிபி. அவ்வளவும் திறக்க மனமில்லை என்றால் மின்-போர்ட், மேக்ஸ்-போர்ட் கொடுத்துச் சுருக்கிக்கொள்ளுங்கள். உபுண்டுவின் சொந்த ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூவில் திறந்துவிட்டு கிளவுட் பலகையில் திறக்க மறப்பவர்கள் ஏராளம், நானும் மறந்திருக்கிறேன்.

நிஜமான வெளிச் சோதனைக்கு இன்னொரு மெஷினில் டர்ன்யூட்டில்ஸ்_பியர் ஓட்டுங்கள். அது 3480இல் உட்கார்ந்து வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும், வேறு வேலை இல்லை. யூகிளையன்டில் மைனஸ் ஒய்யை எடுத்துவிட்டு மைனஸ் இ போட்டு அந்த மெஷினின் முகவரியைக் கொடுங்கள்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பியர் தானாகப் பேச்சைத் தொடங்காது. உள்ளிருந்து போன பொட்டலத்துக்குப் பதில் என்பதால், ரிலே போர்ட் மூடியிருந்தாலும் கிளவுட் ஃபயர்வால் அந்தப் பதிலை உள்ளே விட்டுவிடும். போர்ட் நிஜமாகத் திறந்திருக்கிறதா என்று அறிய, சர்வரில் டிசிபிடம்ப்பை (வந்து போகும் பொட்டலங்களைத் திரையில் காட்டும் கருவி) ஓடவிட்டு, வெளியில் இருந்து ‘என்சி -யூ’ வைத்து அந்த எல்லைக்குள் ஏதாவது ஒரு போர்ட்டுக்கு நாலு எழுத்து அனுப்பிப் பாருங்கள். பொட்டலம் திரையில் விழுந்தால் கிளவுட் ஃபயர்வாலில் திறந்திருக்கிறது.

மலைமிளகு

அஞ்சுரோடு சொன்னதோடு இதையும் செய்யுங்கள். பக்கத்தின் நிரலில் ஐஸ் டிரான்ஸ்போர்ட் பாலிசியை (எந்தப் பாதையில் போகலாம் என்ற அமைப்பு) ‘ரிலே’ என்று வைத்து, வீட்டில் இருந்தே ஒரு வகுப்பு எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கும் வாத்தியார் வீட்டுக்கும் நடுவே இதுவரை ஓடியது நேரடிப் பாதையாக இருக்கும். ரிலேவுக்கு அங்கே வேலையே வந்திருக்காது.

வாத்தியார்_மாணவன் (புதன் மாலை, ஏற்காட்டில் இருந்து)

நேற்று இரவே எல்லாம் செய்தேன். ரிலே மட்டும் வைத்து வீட்டில் இருந்து ஓடியது. 1000 பேக்கெட்டில் 2 காணோம். தெம்போடு காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தால், எஸ்டேட் வைஃபையில் ஸ்டன்கிளையன்டுக்கே பதில் இல்லை. சத்தமே காட்டாமல் நிற்கிறது. ஃபோன் டேட்டாவுக்கு மாறினால் உடனே பதில் வருகிறது. ஆனால் கூடத்துக்குள் ஃபோன் சிக்னல் ஒரு கோடுதான். பனி இறங்கிவிட்டது, ஏழு மணிக்கு மேல் பஸ்ஸை நம்ப முடியாது.

மலைமிளகு

பதற வேண்டாம். சர்வருக்குள் ஃபோன் டேட்டாவில் நுழைந்து ‘டிசிபிடம்ப் -என் -ஐ எனி போர்ட் 3478’ ஓடவிடுங்கள். லேப்டாப்பில் எஸ்டேட் வைஃபையில் இருந்து ஸ்டன்கிளையன்டைத் தட்டுங்கள். எதுவும் விழவில்லை என்றால் பொட்டலம் மலையை விட்டே கிளம்பவில்லை. சர்வரை இனி தோண்ட வேண்டாம்.

வாத்தியார்_மாணவன்

ஒன்றும் விழவில்லை. யூகிளையன்டில் மைனஸ் டி போட்டு டிசிபியில் 3478ஐத் தட்டினேன், அதுவும் கிடையாது. ஆனால் இதே வைஃபையில் வெப்சைட்டுகள் எல்லாம் திறக்கின்றன.

மலைமிளகு

அப்படியென்றால் அந்த ரவுட்டர் 443 மாதிரி வெப் போர்ட்டுகளை மட்டும் விடுகிறது. கோடர்னை டிஎல்எஸ்ஸில் (வெப்சைட்டுகள் போடும் அதே பூட்டு) 443இல் உட்கார வையுங்கள்: டிஎல்எஸ்-லிசனிங்-போர்ட்=443, சான்றிதழ் ஃபைல், சாவி ஃபைல். வகுப்புப் பக்கம் அதே மெஷினில் இருந்தால் 443க்கு அடிதடி வரும், பார்த்துக்கொள்ளுங்கள். கிளவுட் பலகையிலும் 443ஐத் திறக்க மறக்காதீர்கள்.

வாத்தியார்_மாணவன்

பக்கம் வேறு மெஷினில், 443 காலி. போட்டேன். மைனஸ் எஸ், மைனஸ் பி 443 கொடுத்தால் இன்னும் தொங்குகிறது.

அஞ்சுரோடு

பெரிய எஸ் தனியாகக் கொடுத்தால் அது டிடிஎல்எஸ், அதாவது மறுபடி யூடிபி. அங்கே யூடிபிதான் போகாதே! மைனஸ் டி, மைனஸ் எஸ் இரண்டும் சேர்த்துக் கொடுங்கள். (பெரிய டி வேண்டாம், சின்ன டி. பெரிய டி என்றால் ரிலேக்கு அந்தப் பக்கமும் டிசிபி ஆகிவிடும்.)

அப்புறம் லாகில் சாவி ஃபைல் பற்றி எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா? சாவியை ரூட் மட்டுமே படிக்க முடிந்தால், கோடர்ன் டிஎல்எஸ் கதவைத் திறக்காமலே மற்றதை எல்லாம் ஓட்டிக்கொண்டிருக்கும். விழுந்து செத்தாலாவது நமக்குத் தெரியும்.

வாத்தியார்_மாணவன் (புதன் இரவு)

இருந்தது. ‘சாவி ஃபைல் சரியாக அமையவில்லை, டிஎல்எஸ் லிசனர்களைத் தொடங்க முடியாது’ என்ற பொருளில் ஒரு வரி, நூறு வரிகளுக்கு மேலே ஒளிந்துகொண்டிருந்தது. சாவியை டர்ன்சர்வர் பயனருக்குப் படிக்கக் கொடுத்ததும் மைனஸ் டி மைனஸ் எஸ் ஓடியது. லாஸ் 0, சராசரி தாமதம் 68 மில்லி செகண்ட், அதிகபட்சம் 412.

ஆனால் பிரவுசரில் இன்னும் வரவில்லை!

மலைமிளகு

அந்த லாஸ் 0ஐ வைத்துக் குதிக்காதீர்கள். டிசிபியில் தொலைந்ததை அதுவே திரும்ப அனுப்பிவிடும், எப்போதும் 0தான் காட்டும். 412தான் உண்மை சொல்கிறது: வாத்தியார் குரல் நடுநடுவே அரை நொடி இழுக்கும். கரும்பலகைக் கணக்குக்குப் பரவாயில்லை.

பிரவுசரில் டர்ன் சர்வரை ஐபியாகக் கொடுத்திருக்கிறீர்களா, பெயராகவா? நாமாகச் சொல்லாவிட்டால் யூகிளையன்ட் சான்றிதழைச் சரிபார்க்காது, பிரவுசரோ சரிபார்க்காமல் விடாது. சான்றிதழில் உள்ள பெயரையே கொடுங்கள். முன்னால் ‘டர்ன்’ இல்லை, ‘டர்ன்ஸ்’. கடைசியில் போர்ட் 443, டிரான்ஸ்போர்ட் டிசிபி.

வாத்தியார்_மாணவன் (வியாழன் இரவு)

ஐபியாகத்தான் கொடுத்திருந்தேன். இன்று சாயங்காலம் வாத்தியார் அழகாபுரத்தில் இருந்து 40 நிமிடம் முக்கோணவியல் எடுத்தார். நடுவில் ஒரு தடவை நின்றது. கூடத்தில் கரண்ட் போயிருக்கிறது, ரிலே மேல் பழி இல்லை. பிள்ளைகள் முகம் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதாம். ‘என் கண்ணாடியை மாற்ற வேண்டுமோ’ என்று கேட்டார், நான் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை_தறி

நல்லது தம்பி. நானும் அந்த டினைட் வரிகளைத் திரும்பப் போட்டுவிட்டேன், விலக்கு வரியோடு சேர்த்து. ஒன்று கேட்கட்டுமா? முதல் பதிவில் மாம்பழம்123 என்று எழுதியிருக்கிறீர்களே, ஐபியைப் போல அதுவும் மாற்றி எழுதியதுதானே?

வாத்தியார்_மாணவன்

ஐயோ. இல்லை அண்ணே. இப்போதே மாற்றுகிறேன்.