மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு எடை: பசி பார்த்துச் சாப்பிட்ட அனுபவங்கள்

கோவை அக்கா:

சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய தோழிகள் என்னிடம் முதலில் கேட்பது முடி எப்போது வளரும் என்று. அடுத்த கேள்வி எடை. "அக்கா, ரெண்டு வேளைதான் சாப்பிடுறேன், ஆனாலும் பழைய ரவிக்கை ஒண்ணுகூட ஏற மாட்டேங்குது" என்பார்கள். அதனால் நான் எப்படிச் சமாளித்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நீங்களும் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு விஷயம். எடை ஏறியதற்கு வாயைக் கட்டாததுதான் காரணம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். கீமோ ஏற்றும் நாட்களில் வாந்தி வராமல் இருக்கவும், மருந்து அலர்ஜி ஆகாமல் இருக்கவும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். அது பசியைத் தூண்டிவிடும். கீமோவால் நாற்பது வயதிலேயே மாதவிடாய் நின்றுபோகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு இடுப்பிலும் வயிற்றிலும் சதை சேருவது சீக்கிரம் ஆரம்பித்துவிடுகிறது. மாதக் கணக்கில் படுத்தே கிடப்பதால் தசை கரைகிறது, அந்த இடத்தில் கொழுப்பு உட்காருகிறது. மெஷினில் அதே எடை காட்டினாலும் மாடிப்படி ஏறும்போது தொடை நடுங்குவது இதனால்தான். போதாததற்கு "தெம்பு வேணும்" என்று வீடே சேர்ந்து ஊட்டுகிறது. ஆட்டுக்கால் சூப், பாதாம் பால், நெய் விட்ட பருப்பு சாதம், நடுவில் பேரீச்சம்பழம். எல்லாம் அன்பால் வருவது, அதனாலேயே மறுக்க முடியாது.

நோய் திரும்பாமல் இருக்க டமாக்சிபென் மாத்திரை போடுகிற பலர் அதன் மேல்தான் பழி போடுகிறார்கள், சிலர் எடைக்குப் பயந்து நிறுத்தியும் விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டமாக்சிபென்னையும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் எடையில் பெரிய வித்தியாசம் வரவில்லை.

சரி, எடை ஏறினால் என்ன, உயிர் பிழைத்தோமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பெரும்பாலும் உருவாகும் இடமே கொழுப்புத் திசுதான். நம்மில் பலருக்கு வந்தது ஈஸ்ட்ரோஜனைப் பிடித்து வளர்கிற வகைப் புற்று, அதனால் டாக்டர்கள் எடையில் இவ்வளவு கண்ணாக இருக்கிறார்கள். அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் ஆபத்தும் எடை கூடக் கூட அதிகம்.

நான் பார்த்த டயட்டீஷியன் அம்மா முதல் நாள் சார்ட் எதுவும் கொடுக்கவில்லை. "நேத்து மதியம் என்ன சாப்பிட்டீங்க" என்று கேட்டார். சாம்பார், பொரியல் என்று சொல்லிவிட்டேன். "எந்தக் காய் பொரியல்?" என்றார். எனக்கு ஞாபகம் வரவில்லை. டிவியில் சீரியல் ஓட, ஒரு கையில் போனுமாகச் சாப்பிட்டிருக்கிறேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரே ஒரு உலர் திராட்சையை என் உள்ளங்கையில் வைத்தார். அதன் சுருக்கத்தைப் பார்க்க வேண்டும், விரலால் உருட்ட வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், நாக்கில் வைத்துக் கடிக்காமல் இருக்க வேண்டும், அப்புறம்தான் மெல்ல வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1979-இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியில் இந்தத் திராட்சைப் பாடம் பிரபலமாம். கீமோவில் நாக்கு மரத்து எல்லாமே இரும்பு ருசி அடித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தத் திராட்சையில் முதலில் புளிப்பு வந்து பிறகு இனிப்பு வந்ததும் கண் கலங்கிவிட்டது. நாக்கு திரும்பி வந்துவிட்டது என்பதே அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். பசிக்கு ஒன்று முதல் பத்து வரை எண் கொடுக்க வேண்டும். ஒன்று என்றால் கை நடுங்குகிற பசி, பத்து என்றால் மூச்சு முட்டுகிற நிறைவு. மூன்றில் உட்கார்ந்து ஆறு, ஏழில் எழுந்துவிட வேண்டும். வயிறு நிறைந்த தகவல் மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும் என்பதால் வேகமாகச் சாப்பிட்டால் ஆறு எப்போது வந்து போனது என்றே தெரியாது.

நான் இப்போது மதியம் சாப்பிடுவது இப்படி. டிவியை அணைத்துவிடுவேன், போன் வேறு அறையில் இருக்கும். முதலில் தட்டில் காயும் கூட்டும், பாதித் தட்டுக்கு. கீரைக் கூட்டு என்றால் அதைத் தனியாகவே இரண்டு வாய், தேங்காயும் சீரகமும் தனித்தனியாகத் தெரியும் வரை. அதற்கப்புறம்தான் சோறு, சின்னக் கரண்டியால் இரண்டு. குழம்புச் சோறு முடிந்ததும் கையைத் தட்டில் வைத்துவிட்டுக் கொஞ்சம் சும்மா இருப்பேன். அந்த இடைவெளியில் எண் என்ன என்று பார்ப்பேன். பல நாள் மோர்ச் சோற்றுக்கு இடமே இருக்காது, வெறும் மோர் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். சில நாள் நன்றாகப் பசிக்கும், அன்று தயங்காமல் இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்வேன். பட்டினி இதில் இல்லவே இல்லை.

ஆனால் தோழிகளே, எனக்கு உண்மையில் உதவியது இந்த எண் விளையாட்டின் இன்னொரு பக்கம். மேமோகிராம் தேதி நெருங்கும்போது, ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வர வேண்டிய நாட்களில், சாயங்காலம் கை தானாக மிக்ஸர் டப்பாவுக்குப் போகும். எண் பார்த்தால் ஆறில் இருக்கும். பசியே இல்லை. அப்படியானால் கை எதைத் தேடிப் போகிறது? பயம். திரும்ப வந்துவிடுமோ என்ற பயம். அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து டப்பாவைத் திறக்கும் முன் என் தங்கைக்குப் போன் போட்டு "பயமா இருக்குடி" என்று சொல்லிவிடுவேன். அவள் பேசிக்கொண்டே இருப்பாள். பேசி முடித்த பிறகும் மிக்ஸர் வேண்டும் போலிருந்தால் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவேன். அதிலும் தவறில்லை.

எடை மெல்லத்தான் இறங்குகிறது, சில மாதம் அசையாது. ஆனால் சாப்பாட்டோடு எனக்கு இருந்த சண்டை போய்விட்டது.

நெல்லை டீச்சர்:

அக்கா, மிக்ஸர் டப்பாவைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அது ராத்திரி. ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கிற லெட்ரோசோல் மாத்திரை ஆரம்பித்த பிறகு நடுச்சாமத்தில் உடம்பெல்லாம் தீயாய்ச் சுட்டு, வேர்த்துக் கொட்டி முழிப்பு வரும். முழித்தால் தூக்கம் வராது, நேராக அடுப்படிதான். ரெண்டு பிஸ்கட், ஒரு துண்டு அல்வா, என்ன கிடைக்கிறதோ அது. எங்கள் டாக்டரம்மாவிடம் சொன்னபோது, தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் கூடும் என்று விளக்கி, முதலில் தூக்கத்துக்கு வழி செய்தார்கள். சாயங்காலத்துக்கு மேல் காபி நிறுத்தியது, பருத்தி நைட்டி, ஜன்னல் ஓரம் கட்டில். இப்போதும் முழிப்பு வருகிறது, ஆனால் ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாகக் குடித்துவிட்டுப் படுத்துவிட முடிகிறது.

பள்ளிக்கூடத்தில்தான் கஷ்டம். மதிய இடைவேளையில் பாதி நேரம் பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும், மணி அடிப்பதற்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். நான் செய்தது, டிபன் பாக்ஸில் மெல்ல வேண்டிய பொருளாகக் கொண்டுபோனதுதான். கொண்டைக்கடலைச் சுண்டல், கொத்தவரங்காய்ப் பொரியல், அடை. தயிர் சாதம் மாதிரி வழுக்கிக்கொண்டு போகாது, வாயே நம்மை நிதானமாக்கிவிடும். எங்கள் ஆச்சி "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாள், அதை இப்போதுதான் கடைப்பிடிக்கிறேன்.

லெட்ரோசோல் போடுகிறவர்கள் எலும்பையும் கவனியுங்கள். எடையைக் குறைக்கிறேன் என்று பாலையும் தயிரையும் விட்டுவிடாதீர்கள். அந்த மாத்திரை எலும்பை வலுவிழக்க வைக்கும், எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்வதும் அதற்காகத்தான். காலையில் விரல் மடக்க முடியாமல் வலிக்கும், ஆனால் நடக்க நடக்க வலி குறைகிறது. இதை என் உடம்பிலேயே பார்த்தேன்.

மதுரைக்காரர்:

நான் நோயாளி இல்லை, என் மனைவிக்கு ஆபரேஷனும் கீமோவும் ரேடியேஷனும் முடிந்தது. வீட்டு ஆட்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் சாப்பாடு போடுவது என் அம்மா. "இன்னும் கொஞ்சம் வச்சுக்கம்மா, உடம்பு தேற வேணாமா" என்று தட்டில் வைத்துக்கொண்டே இருப்பார்கள். மனைவி மரியாதைக்காக மறுக்காமல் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய் அழுவாள். பெரியவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

அடுத்த செக்கப்புக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் அம்மாவிடமே பேசினார். "நீங்க போடுற சாப்பாடு நல்ல சாப்பாடு, அளவை மட்டும் அவங்க கையில விட்டுடுங்க" என்றார். அவ்வளவுதான். அன்று ராத்திரி அம்மா பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டு, "நீயே எடுத்துப் போட்டுக்கம்மா" என்று கரண்டியை அவள் கையில் கொடுத்தார்கள். இப்போது நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சேர்ந்தே சாப்பிடுகிறோம், டிவி இல்லாமல். சாப்பிட்டு முடித்ததும் அம்மாவும் அவளும் வைகைக் கரைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது தனிக் கதை.

உறவுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்க்க வரும்போது ஸ்வீட் பாக்ஸும் ஹார்லிக்ஸும் வாங்கி வராதீர்கள். கொய்யா கொண்டு வாருங்கள், ஒன்றும் கொண்டு வராவிட்டாலும் பரவாயில்லை. "என்ன இப்படிப் பெருத்துட்ட" என்று மட்டும் வாசலில் வைத்துக் கேட்காதீர்கள். அந்த ஒரு வார்த்தையால் அவள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

புதுச்சேரி தங்கச்சி:

அக்கா, எனக்கு இன்னும் கீமோ பாக்கி இருக்கு. வாயெல்லாம் புண். எடை ஏற ஆரம்பிச்சிடுச்சு. நானும் இப்பவே குறைச்சுச் சாப்பிட ஆரம்பிக்கட்டுமா? சோயா தொடவே கூடாது, சர்க்கரை சாப்பிட்டா கட்டி வளரும்னு வேற சொல்றாங்க. பக்கத்து வீட்டு அக்கா, சோறு இட்லியெல்லாம் விட்டுட்டு கொழுப்பு அதிகமா சாப்பிடுற கீட்டோ டயட் இருக்கச் சொல்றாங்க.

கோவை அக்கா:

தங்கச்சி, இப்போது வேண்டாம்மா. கீமோ நடக்கும்போது எடை குறைக்கும் யோசனையே வேண்டாம். ரத்த அணுக்கள் இறங்கினால் அடுத்த ஊசி தள்ளிப்போகும், உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளப் புரதம் வேண்டும். வாய்ப்புண்ணுக்கு ஆறவைத்த இட்லி, குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, நன்றாக வேகவைத்த முட்டை, காய்ச்சிய பாலில் வீட்டில் உறைய வைத்த தயிர். காரம், புளி கொஞ்ச நாள் தள்ளி இருக்கட்டும். எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடு.

சோயா பற்றி நானும் பயந்திருந்தேன். ஷாங்காயில் மார்பகப் புற்று வந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சுமார் நான்கு வருடம் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. மீல் மேக்கர் குழம்பு சாப்பிடலாம், மாத்திரையாக விற்கும் சோயாச் சத்துதான் வேண்டாம் என்பார்கள். சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்பதும் உண்மை இல்லை, சோற்றிலிருந்தும் பழத்திலிருந்தும் உடம்பு குளுக்கோஸ் எடுத்துக்கொண்டுதான் இருக்கும். இனிப்பைக் குறைப்பது எடைக்கு நல்லது, அதனால் குறைக்கலாம். ஒரு வாய் பாயசம் சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்கப் பயந்துகொண்டு கிடக்காதே.

கீட்டோ பற்றி என் டாக்டரிடம் கேட்டபோது அவர் இரண்டு பெரிய அமெரிக்க ஆய்வுகளைச் சொன்னார். 2006-இல் வந்த ஒன்றில் 2,437 பெண்களில் ஒரு பகுதியினர் கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்டு, எடையும் சராசரியாக இரண்டு மூன்று கிலோ இறங்கியது, நோய் திரும்புவதும் அவர்களிடம் குறைவு. 2007-இல் வந்த இன்னொன்றில் 3,088 பெண்கள், அதில் ஒரு பகுதியினர் காய்கறி, பழம் மிக அதிகமாகச் சாப்பிட்டார்கள், ஆனால் எடை குறையவில்லை, நோய் திரும்புவதிலும் வித்தியாசம் இல்லை. "கீட்டோ வேண்டாம், ஒரு உணவில் மந்திரம் இருக்கும்னு தேடாதீங்க, மொத்தமா அளவைப் பாருங்க, நடங்க" என்றார். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 2000 கலோரி கணக்குக்குக் காய்கறி 400 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம் என்று இருக்கிறது. நம் வீட்டுத் தட்டை அதோடு வைத்துப் பார், சோறு எவ்வளவு, காய் எவ்வளவு என்று நீயே கண்டுபிடித்துவிடுவாய். சிகிச்சை முடிந்த பிறகு இடுப்புச் சுற்றளவையும் அளந்து வை, நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள்.

அடுத்த ஊசிக்குப் போகும்போது வாய்ப்புண்ணைக் கட்டாயம் சொல், கொப்பளிக்க மருந்து தருவார்கள். டயட்டீஷியனைப் பார்க்கவும் அன்றைக்கே சீட்டு கேட்டு வாங்கிக்கொள். கீட்டோ சொன்ன அக்காவிடம் டாக்டர் வேண்டாம் என்றார் என்று மட்டும் சொல், அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. ராத்திரி பயமாக இருந்தால் எனக்குத் தனியாக எழுதும்மா, நான் முழித்துத்தான் இருப்பேன்.