ஹட்டன் பக்கம் சுப்பீரியர் ஸ்பைடர்மேன் இருக்கிறதா?

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் ஆங்கிலக் காமிக்ஸ் சேர்ப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

அமேசிங் ஸ்பைடர்மேன் 700ஆம் இதழ் (டிசம்பர் 2012) வரை வாசித்துவிட்டேன். சாகக் கிடந்த வில்லன் டாக்டர் ஆக்டோபஸ், ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரின் உடம்பைப் பிடித்துக்கொள்ள, பாவம் பீட்டர், வில்லனின் நோயாளி உடம்பில் மாட்டிக்கொண்டு செத்துப்போகிறான். அதற்குப் பிறகு 2013இல் தொடங்கிய சுப்பீரியர் ஸ்பைடர்மேன்தான் வேண்டும், முதல் 31 இதழ்கள். வில்லன் ஊரெல்லாம் குட்டிச் சிலந்தி ரோபோக்களை விட்டு வேவு பார்ப்பானாம், பீட்டர் பெயரில் டாக்டர் பட்டமும் வாங்குவானாம்! எனக்கென்னவோ பீட்டரை விட இவன் கெட்டிக்காரன் என்றுதான் படுகிறது.

தொகுப்பாக இருந்தாலும் சரி, இரவலாகத் தந்தாலும் சரி. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து வாங்கிக்கொள்வேன். மழையில் நனையாமல் திருப்பித் தருவது என் பொறுப்பு. முடிவை மட்டும் கமெண்டில் போட்டுவிடாதீர்கள்.