ரவென்னா: செங்கல் சுவருக்குள் ஒரு நீல வானம்

இத்தாலியில், பொலோன்யாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும் ரவென்னாவுக்கு ஒரு பகல் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் நானும் மனைவியும் போனோம். கடைசியில் இரண்டு இரவு தங்கும்படி ஆயிற்று. கி.பி. 402-இல் மேலை ரோமப் பேரரசின் தலைநகரான ஊர் என்று படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு, சான் விட்டாலே ஆலயத்தின் வெளித்தோற்றம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பூச்சில்லாத செங்கல் சுவர், எட்டுப் பட்டை, அவ்வளவே.

அதன் பின்புறத்தில் உள்ள ரோமப் பேரரசி காலா பிளாசிடியாவின் பெயரில் உள்ள கல்லறை மண்டபத்துக்கு நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பதைக் கவனியாமல் சீட்டு வாங்கிவிட்டேன்; ஒரு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அந்த நேரம் வீணாகவில்லை. 547-இல் திருநிலைப்படுத்தப்பட்ட சான் விட்டாலேயில், பீடத்தின் இரு பக்கச் சுவர்களிலும் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் பரிவாரங்களுடன், சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்து ஆக்கிய மொசைக் சித்திரத்தில் நிற்கிறார்கள். பேரரசரின் தலைக்கு மேல் பெயர் இல்லை. அருகில் நிற்கும் ஆயர் மாக்சிமியானுஸின் தலைக்கு மேல் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆலயம் கட்டப் பணம் கொடுத்தவரோ யூலியானுஸ் அர்ஜென்டாரியுஸ் என்ற செல்வர். உபயம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது!

கல்லறை மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதல் நிமிடம் எதுவும் தெரியவில்லை. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக அலபாஸ்டர் என்னும் மெல்லிய கல் பலகைகளைப் பொருத்தியிருப்பதால், வெளிச்சம் தேன் நிறத்தில் கசிந்து வருகிறது. கண் பழகியதும், கருநீல விதானத்தில் பொன் விண்மீன்கள் வட்டம் வட்டமாகத் தெளிகின்றன. கண்ணாடித் துண்டுகள் ஒரே மட்டமாக இல்லாமல் சற்றே சாய்ந்து பதிந்திருப்பதால், தலையை அசைத்தால் ஒரு விண்மீன் அணைந்து அடுத்தது எரிகிறது. ஐந்து நிமிடத்தில் காவலர் வெளியே போகச் சொல்லிவிட்டார். மறுநாள் மீண்டும் சீட்டு வாங்கினேன்.

•

மேலே எழுதிய நண்பர் சான்ட் அப்பொல்லினாரே நுவோவோவையும் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன். கோத்து இன மன்னர் தியோடோரிக் கட்டிய அந்த ஆலயத்தின் சுவரில் அவருடைய அரண்மனை மொசைக்காக உள்ளது. 540-இல் நகரம் பைசாந்தியர், அதாவது ஜஸ்டினியனின் கிழக்கு ரோமப் பேரரசினர், வசம் போனபின், வளைவுகளுக்குள் நின்றிருந்த உருவங்களை எடுத்துவிட்டுத் திரைச்சீலைகளைப் பதித்துவிட்டார்கள். ஆனால் வெண்தூண்களின் மேல் படர்ந்திருந்த கைகளை எடுக்கவில்லை. உடல் இல்லாத விரல்கள் இன்றும் தூணில் இருக்கின்றன. உயரத்தில் இருப்பதால் தொலைநோக்கி அவசியம்.

•

சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே! இந்த வட்டாரத்தின் பியாதீனா, பார்வைக்கு நம் சப்பாத்தியைப் போன்றது. ஸ்குவாக்வெரோனே என்ற குழைவான பாலாடைக்கட்டியையும் கீரையையும் வைத்து மடித்துத் தருவார்கள். சைவ உணவினர் கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் பழைய முறையில் மாவைப் பன்றிக்கொழுப்புச் சேர்த்தே பிசைகிறார்கள். ஆலிவ் எண்ணெயில் செய்யும் கடைகளும் உண்டு. எங்களுக்கு மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு, 1321-இல் இவ்வூரில் இறந்த கவிஞர் தாந்தேயின் கல்லறைக்கு நடந்தோம். அவரை நாடு கடத்திய பிளாரன்ஸ் நகரம்தான் அங்குள்ள விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் அனுப்புகிறது. பிளாரன்ஸில் அவருக்காகக் கட்டிய கல்லறை வெறுமையாகவே இருக்கிறது.