சிறிய இணையக் கலை இதழில் உதவி ஆசிரியர் பணி: அனுபவம் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி

முக்கூடல் மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் முதுகலைத் தமிழ் முடித்திருக்கிறேன். பாளையங்கோட்டையிலிருந்து நடத்தப்படும் சிறிய இணைய இதழ் ஒன்றில் உதவி ஆசிரியராகச் சேர அழைத்திருக்கிறார்கள். நெல்லைச் சீமையின் நிகழ்த்து கலைகள், கோயில் சிற்பங்கள், ஓவியங்கள் ஆகியவற்றைப் பற்றியே எழுதும் இதழ் அது. ஆசிரியரையும் தளத்தைப் பராமரிக்கும் ஒருவரையும் தவிர அங்கே வேறு ஆள் இல்லை. மாதச் சம்பளம் 12,000 ரூபாய். பி.எட். சேர்ந்துவிட்டு ஆசிரியர் தேர்வுக்குப் படி என்கிறார் அப்பா. எனக்கோ இந்த வேலையின் மேல் மனம் போகிறது. அன்றாடம் என்ன செய்ய வேண்டியிருக்கும், இதில் ஒருவர் எதைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதை அறிந்தவர்கள் சொன்னால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

பொருநைக்கரை:
தம்பிக்கு வணக்கம். இப்படிப்பட்ட ஓர் இதழில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். எழுதுவதுதான் வேலை என்று எண்ணிச் சேராதீர்கள். எழுதுவது சிறு பங்கு. பிறர் எழுதியதைச் சரிபார்ப்பதும் கேட்டு எழுதுவதும்தான் பெரும்பங்கு.

மூத்த கட்டுரையாளர்கள் பலர் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும்போது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக விழுந்துவிடுவது உண்டு. திரையில் ‘கொடை’ என்று சரியாகவே தெரியும். ஆனால் தளத்தின் தேடலில் அந்தச் சொல் அகப்படாமல் போகும். பிறகு சந்தி பார்க்க வேண்டும், ஊர்ப் பெயர்களைப் பார்க்க வேண்டும். தென்காசி 2019இல் தனி மாவட்டமாகிவிட்டதால், பழைய கட்டுரைகளில் நெல்லை மாவட்டம் என்று குறித்த ஊர்கள் பலவற்றுக்குக் குறிப்புச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இவையெல்லாம் பழகிவிடும். கடினமும் நிறைவும் ஒன்றாக இருப்பது ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் வேலையில்தான். நாட்டார் தெய்வக் கோயில்களின் ஆண்டு விழாவான கொடை விழாவில் பதிவு செய்த வில்லுப்பாட்டில் குடத்தின் அடியும் உடுக்கையும் மேலெழும் இடங்களில் பாட்டின் சொல் அமுங்கிவிடும். வில்லின் வலத்தே இருந்து பாடுகிறவர் ஓர் அடியைத் தொடங்க இடத்தே இருப்பவர் அதை ஏந்தி முடிப்பார். யார் வாயிலிருந்து எந்தச் சொல் வந்தது என்பதைக் காதை ஒலிபெருக்கியோடு ஒட்டிவைத்துக் கேட்டாலும் சில இடங்களில் பிடிபடாது. அப்போது பாடியவரையே கேட்க வேண்டும். கொடைக் காலத்தில் அவர்கள் விடிய விடியப் பாடிவிட்டுக் காலையில்தான் வீடு திரும்புவார்கள் என்பதால் நண்பகலுக்கு முன் அழைப்பது முறையாகாது. கணியான் கூத்துக் குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி ஒருவரிடம் எங்கள் கட்டுரையைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். மகுடம் என்னும் பறைகள் இரண்டில் உச்ச மகுடத்தை அடித்தவர் பெயரையும் மந்த மகுடத்தை அடித்தவர் பெயரையும் கட்டுரையாளர் மாற்றி எழுதியிருந்ததை உடனே நிறுத்திச் சொன்னார். வாசிப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வேறுபாடு தெரியாமல் போகலாம். அந்த இருவரின் ஊரில் அனைவருக்கும் தெரியும். அவர்களைப் பற்றி எழுத்தில் இருக்கப்போவது அந்த ஒரு கட்டுரை மட்டுமாகவும் இருக்கலாம் என்பதால், வெளியிடும் முன் கலைஞருக்கு வாசித்துக் காட்டுவதை இதழின் விதியாகவே வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். என் பார்வையில் நல்ல இதழுக்கு அதுவே அடையாளம்.

வேலையின் வேகம் கொடை நாள்காட்டியைப் பின்தொடரும். பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் செவ்வாய், வெள்ளி இரவுகள் உங்களுக்குச் சொந்தமில்லை. மழைக்காலத்தில் சேமிப்பிலிருக்கும் பதிவுகளை எழுதி முடிக்கலாம்.

ஒளிப்படக்காரன், அம்பை:
நான் சம்பளத்துக்கு இருந்ததில்லை. படம் எடுத்துக் கொடுத்து வருகிறேன். அனுமதி வாங்குவதும் உதவி ஆசிரியரின் தலையில்தான் விழும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்நிலைகளில் நாயக்கர் கால ஓவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. அங்கே படமெடுக்க வேண்டுமானால் அறநிலையத் துறை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, நேரில் சென்று நினைவூட்டிக் காத்திருக்க வேண்டும். மின்னொளி பாய்ச்சிப் படமெடுப்பது பழைய வண்ணங்களுக்கு நல்லதல்ல. ஆகவே சாளரம் வழியாக வரும் வெளிச்சத்தை மட்டும் நம்பி, முக்காலியை நிறுத்தி, ஒவ்வொரு படத்துக்கும் பொறுமையாக இருக்க வேண்டும். ‘விரைவாக முடியுங்கள்’ என்று அவசரப்படுத்தாத ஆசிரியரிடம் மட்டுமே அந்த வேலை நடக்கும்.

நிகழ்த்து கலைகளுக்கு இன்னொன்று உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துநருக்குத் தனி உரிமை அளிக்கிறது. கோயில் நிர்வாகத்திடம் மட்டும் கேட்டுவிட்டுக் கூத்தைப் பதிவு செய்வது போதாது. ஆடுகிறவர்களையும் பாடுகிறவர்களையும் கேட்க வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதுதானே மரியாதை.

மேலப்பாளையம் வாசகி:
பணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். வீட்டிலிருந்து போய் வரலாம் என்றால் அந்தச் சம்பளத்தில் சமாளிக்கலாம். பாளையில் அறை எடுத்துத் தங்க வேண்டும் என்றால் முடியாது. நான் வேலை பார்த்த ஓர் இதழில் நன்கொடை நின்றதும் சம்பளம் நின்றது, பிறகு தளத்துக்கான ஆண்டுக் கட்டணமும் கட்டப்படாமல் நாங்கள் எழுதிய அனைத்தும் இணையத்திலிருந்து மறைந்துபோயின. கட்டுரைகளும் ஒலிப்பதிவுகளும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்கப்படுகின்றனவா, தளம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, பணத்தை யார் தருகிறார்கள் ஆகியவற்றைச் சேரும் முன்பே கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், தம்பி. அப்பா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். மாலை நேரத்தில் தேர்வுக்குப் படிக்க இடம் கொடுப்பார்களா என்பதையும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள்.

முக்கூடல் மாணவன்:
மூவருக்கும் என் நன்றி. முக்கூடலிலிருந்து நாள்தோறும் பேருந்தில் போய் வர முடியும் என்பதால் தங்கும் செலவு இல்லை. இரவு நிகழ்ச்சி முடிந்து விடியும்வரை எங்கே இருப்பது என்பதை மட்டும் ஆசிரியரிடம் கேட்க வேண்டும். கலைஞருக்கு வாசித்துக் காட்டும் வழக்கமும், பதிவுகளுக்குப் படி எடுத்து வைக்கும் ஏற்பாடும் இருந்தால் சேர்ந்துவிடுவேன். படியெடுக்கும் ஏற்பாடு இல்லையென்றால், அதைச் செய்வதையே என் முதல் வேலையாகக் கொடுக்கும்படி கேட்கப்போகிறேன்.