செத்த பிறகு நடந்ததா, சாகும் முன்பே நடந்ததா? செத்த கால்நடைகளைப் பரிசோதிக்கும் மூவர் பேசுகிறார்கள்.

நுண்ணோக்கி:
எம்.வி.எஸ்சி (கால்நடை மருத்துவ மேற்படிப்பு) நோய்க்குறியியலில் சேர்ந்த முதல் செமஸ்டர். ஒரு மாட்டின் சிறுநீரக ஸ்லைடு கொடுத்தார்கள். செல்களின் உட்கரு எல்லாம் வெளிறிக் கிடந்தது. திசு அழிவு என்று எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் கேட்டது ஒரே கேள்வி: "மாடு செத்து எத்தனை மணி நேரம் கழிச்சு இதை எடுத்தாங்க?"

கேஸ் தாளைப் பார்த்தால் 14 மணி நேரம், அதுவும் மே மாத வெயிலில். ஸ்லைடை மறுபடி பார்க்கச் சொன்னார். நோய் என்றால் கெட்ட இடமும் நல்ல இடமும் பிரிந்து தெரியும், பெரும்பாலும் சுற்றிலும் வெள்ளையணுக்கள் வந்து சேர்ந்திருக்கும். இதில் முழுத் திசுவும் ஒரே மாதிரி மங்கியிருந்தது. சிவப்பணுக்கள்கூடக் கரைந்திருந்தன. செத்த உடல் தன் நொதிகளாலேயே தன்னைக் கரைத்துக்கொண்டதைத்தான் நான் நோய் என்று எழுதியிருந்தேன்.

இரண்டு வருடப் படிப்பில் என்னை அதிகம் வேலை வாங்கியது இந்தக் கேள்விதான். செத்த மாடு எதுவானாலும் சில மணி நேரத்தில் வயிறு உப்பிவிடும். உப்புசத்தால்தான் செத்ததா என்று அறிய உணவுக்குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். கழுத்துப் பகுதி ரத்தம் தேங்கிச் சிவந்தும், மார்புக்குள் போகும் பகுதி வெளுத்தும், நடுவில் கோடு கிழித்தது போலவும் இருந்தால் அது உயிரோடு இருக்கும்போதே வந்த உப்புசம். இன்சூரன்ஸ் பணத்தை நம்பி நிற்கும் குடும்பத்துக்கு இந்தக் கோடு பெரிய விஷயம்.

அப்புறம் அந்தச் செம்மறிக் குட்டி. மழை பெய்து புல் தளதளவென்று முளைத்திருந்த நேரம். ஒரு பாட்டி கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். "கொழுகொழுன்னு இருக்கறதுதான் சாகுது கண்ணு. நோஞ்சான் எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார். எப்போது செத்தது என்று கேட்டேன். விடியற்காலை 6 மணி; எங்கள் மேசைக்கு வந்தது 9 மணிக்கு. மற்ற உறுப்புகள் புதிதாகவே இருந்தன, சிறுநீரகம் மட்டும் கையில் கூழாகக் குழைந்தது. இதய உறைக்குள் வைக்கோல் நிற நீர், காற்றுப் பட்டதும் உறைந்தது. சிறுநீரில் சர்க்கரை. துள்ளுமாரி: நிறைய மேய்ந்த குட்டியின் குடலில் கிருமி பெருகி நஞ்சு சுரக்கும் நோய். ஒருநாள் தாமதித்திருந்தால் எந்த ஆட்டின் சிறுநீரகமும் அப்படித்தான் குழைந்திருக்கும், என்னால் எதையும் சொல்லியிருக்க முடியாது. என்ன நோய் என்பதில் பாதியைப் பாட்டியே சொல்லிவிட்டார். மீதிக் குட்டிகளை இளம்புல்லில் மேய விடாமல் நிறுத்தி, தடுப்பூசி போடச் சொல்லி அனுப்பினோம்.

களப்பணி:
எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு, கத்தியே வைக்காத கேஸ். முந்தின நாள் மாலை நன்றாக இருந்த பசு காலையில் செத்துக் கிடந்தது. மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம், உறையவே இல்லை. உடலும் சரியாக விறைக்கவில்லை. "அறுத்துப் பாருங்க சார், எதனால போச்சுன்னு தெரியணும்ல" என்று வீட்டுக்காரர் அழுதார். "இதை அறுக்கக் கூடாதுண்ணே" என்று சொல்லிவிட்டு, காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் மட்டும் எடுத்தேன். சாயம் ஏற்றிப் பார்த்தால் நீலக் குச்சிகள், சுற்றிலும் இளஞ்சிவப்பு உறை. அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ். திறந்திருந்தால் காற்றுப் பட்டுக் கிருமி வித்துகளாக மாறி, அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் கிடந்திருக்கும். தோலை உரிக்க விடாமல் ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கும் வரை அங்கேயே நின்றேன்.

முதலாண்டு:
போன மாதம் ஒரு பண்ணைக்காரர் செத்த கோழிகளை ஃப்ரீசரில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார். இரைப்பைச் சுரப்பிகளின் முனையில் ரத்தப் புள்ளிகள் கண்ணுக்கே தெரிந்தன, வெள்ளைக்கழிச்சல் என்ற கோழித் தொற்றுநோயோ என்று சந்தேகப்பட்டோம். ஆனால் பனிக்கட்டி செல்களைக் கிழித்திருந்ததால் ஸ்லைடில் ஒன்றும் படிக்க முடியவில்லை. அவர் மேல் தப்பில்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இப்போது யார் போன் செய்தாலும் நான் முதலில் சொல்வது: "ஃப்ரீசர் வேண்டாம்ண்ணா, ஐஸ் பெட்டியில வெச்சு உடனே கிளம்புங்க. எத்தனை மணிக்குச் செத்துச்சுன்னு ஒரு சீட்டுல எழுதிக்குங்க."