ஈயம் தேய்ந்த பித்தளைக் குண்டான், அம்மாவின் ஈயச்சொம்பு: எதில் சமைக்கலாம், எதில் கூடாது?

கேள்வி: மாயவரத்துப் பெண்

மயிலாடுதுறையில் இருந்த அம்மாவின் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து இறக்கிய பாத்திரங்களில் நான்கை மட்டும் சென்னைக்கு எடுத்து வந்தேன். ஒரு பித்தளைக் குண்டான், ஒரு செம்புத் தவலை, ஒரு வெண்கலப் பானை, அம்மா நாள்தோறும் ரசம் வைத்த ஈயச்சொம்பு. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்ததும் குண்டான் பளிச்சென்று ஆகிவிட்டது. அந்த உற்சாகத்தில் அதிலேயே வத்தக்குழம்பு வைத்தேன். மதியம் சாப்பிட்டபோது ஒரு குறையும் தெரியவில்லை. மாலையில் மிச்சக் குழம்பைத் தொட்டு நாவில் வைத்தால், பழைய காசை வாயில் போட்டது போல ஒரு கைப்பு. அவ்வளவையும் கொட்டிவிட்டு விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். உட்புறம் பக்கவாட்டில் வெள்ளையாக இருக்கும் பூச்சு, அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து மஞ்சள் தெரிகிறது. அந்த மஞ்சளுக்கு நடுவே அங்கங்கே செம்மையான திட்டுகளும் இருக்கின்றன.

குண்டானுக்கு மறுபடி ஈயம் பூசிப் பயன்படுத்தலாமா? இது முதல் சந்தேகம். அதைவிடப் பெரிய சிக்கல் ஈயச்சொம்பால் வந்தது. ஈயம் நஞ்சு என்று எங்கோ படித்த என் மருமகள், மூன்று வயதுப் பேத்தி சாப்பிடும் வீட்டில் அந்தச் சொம்பை அடுப்பில் ஏற்றவே கூடாது என்கிறாள். ஐம்பது ஆண்டு நாங்கள் அதில்தான் ரசம் குடித்தோம் என்று நான் சொன்னால் அது பதிலாகுமா என்று எனக்கே தெரியவில்லை. இதற்கிடையில் என் தங்கை புதிதாக ஒரு சொம்பு வாங்க வேண்டும் என்று நிற்கிறாள். எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பும் இண்டக்‌ஷன் அடுப்பும் இருக்கின்றன. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: குடந்தைக் கடைவீதி

அம்மா, வணக்கம். பாத்திரக் கடையில் வளர்ந்தவன் என்பதால் எழுதுகிறேன். உங்கள் மருமகள் சொல்வது சரிதான். ஆனால் அவர் படித்தது வேறோர் உலோகத்தைப் பற்றி. ஈயம் என்ற ஒரே பெயருக்குள் தமிழில் இரண்டு உலோகங்கள் குடியிருக்கின்றன. வெள்ளீயம் ஒன்று, காரீயம் மற்றொன்று. பாத்திரத்துக்குப் பூசுவதும் சொம்பு செய்வதும் வெள்ளீயத்தில். நஞ்சு என்று மருத்துவர்கள் எச்சரிப்பது காரீயத்தை. போதாக்குறைக்கு, அலுமினியச் சட்டியையும் ‘ஈயச்சட்டி’ என்று சொல்லும் ஊர்கள் உண்டு. ஆகவே கடையில் போய் ‘ஈயப் பாத்திரம் இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டால் எந்த உலோகம் கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. வெள்ளீயம் என்று சொல்லிக் கேளுங்கள், பில்லிலும் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் நான் வாங்கமாட்டேன்.

வெள்ளீயம் விலை கூடியது, காரீயம் மலிவு. கலப்படம் நுழைவதற்கு அந்த ஒரு காரணம் போதும். இரண்டும் மென்மையான உலோகங்கள். இரண்டும் சுலபமாக உருகும். ஆனால் காரீயம் வெள்ளீயத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். ஒரே அளவுள்ள இரண்டு சொம்புகளில் ஒன்று மட்டும் கையை இழுத்தால், தகடு தடிமனாக இருக்கிறதா என்று வாய்ப்பகுதியைப் பாருங்கள். தடிமன் இல்லாமல் கனம் மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சொம்பின் அடியை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு போலக் கருமை படிந்தால் காரீயம் இருக்கிறது என்று அர்த்தம். நல்ல வெள்ளீயக் குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால் கறகறவென்று ஒரு சத்தம் கேட்கும், காரீயத்தை வளைத்தால் சத்தமே வராது. சொம்பை வளைத்துப் பார்க்கக் கடைக்காரர் விடமாட்டார் என்பது வேறு விஷயம்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

மேலே எழுதிய தம்பியின் விளக்கம் பெரும்பாலும் சரியே. தாளில் தேய்க்கும் சோதனையில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. முழுக்கக் காரீயமாக இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். வெள்ளீயத்தோடு சிறிதளவு காரீயம் கலந்த உலோகம் அந்தச் சோதனையில் தப்பிவிடும். கோடு விழுந்தால் விலக்குங்கள், விழாவிட்டால் தூய்மையானது என்று முடிவு கட்டாதீர்கள். காரீயத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். உங்களுக்கு ஐம்பது ஆண்டு ஒன்றும் ஆகவில்லை என்பது பேத்திக்கு உத்தரவாதமாகாது. அந்தச் சொம்பு எந்தக் கலவையில் வார்க்கப்பட்டது என்று அம்மாவுக்கும் தெரிந்திருக்காது.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. தங்கத்தின் தரம் பார்க்கும் ஹால்மார்க் மையங்களில் உள்ள எக்ஸ்ரே கருவி, பொருளைச் சுரண்டாமலே அதில் என்னென்ன உலோகம் எத்தனை விழுக்காடு என்று காட்டும். வெள்ளீயத்தையும் காரீயத்தையும் பார்த்துத் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு சொம்பை எடுத்துச் செல்லுங்கள். போகிறபோது வெண்கலப் பானையையும் கொண்டு போவது நல்லது. பழைய உடைசல்களை உருக்கி வார்த்த பித்தளையிலும் வெண்கலத்திலும் காரீயம் கலந்திருக்க வாய்ப்புண்டு.

குழம்பு மதியம் நன்றாக இருந்து மாலையில் கைத்ததற்கும் காரணம் உண்டு. செம்பைக் கரைக்கப் புளியின் அமிலம் மட்டும் போதாது, காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். கொதிக்கும் குழம்பில் காற்று கரைந்து நிற்பதில்லை. ஆறிய பிறகு அது மெல்ல உள்ளே இறங்கும். அப்போதுதான் செம்பு களிம்பாகக் கரைந்து குழம்பில் ஏறத் தொடங்கும். பித்தளையில் செம்போடு துத்தநாகம் கலந்திருக்கிறது. அமிலம் படும் இடத்தில் துத்தநாகம் முதலில் வெளியேறிவிட, மிஞ்சும் செம்பு சிவப்புத் திட்டாகத் தெரிகிறது. நீங்கள் பார்த்த செம்மை அதுதான். திட்டு மேலாக மட்டும் இருந்தால் தேய்த்து எடுத்துவிட்டு ஈயம் பூசலாம். நகத்தால் கீறினால் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்தக் குண்டானில் அரிசி கொட்டி வையுங்கள், சமைக்க வேண்டாம்.

மறுமொழி: மதுரை மீனாட்சிபுரத்து அடுக்களை

அக்கா, ஈயம் பூசக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள். ஐயா சொன்ன கலப்படம் சொம்பைவிடப் பூச்சில் சுலபமாக நுழைந்துவிடும். மின்சாதனங்களைப் பற்றவைக்கும் பழைய கம்பியில் வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கும், அது இன்னும் குறைந்த சூட்டிலேயே உருகி வழவழவென்று ஓடும் என்பதால் சோம்பேறிகளுக்கு வசதி. நான் வெள்ளீயக் கட்டியை நானே வாங்கிக்கொண்டுதான் போவேன்.

எங்கள் தெருவுக்கு ஈயம் பூச வருபவர் முதலில் பாத்திரத்தின் உட்புறத்தை மணலும் புளியும் போட்டுத் தேய்த்து, பித்தளை முழுவதும் மஞ்சளாகத் தெரியும்வரை விடமாட்டார். ஒரு விரல்தடம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அந்த இடத்தில் ஈயம் ஒட்டாது. பிறகு கரியடுப்பில் துருத்தி போட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்துச் சூடேற்றி, நிமிர்த்தி, நவச்சாரப் பொடியை (அம்மோனியம் குளோரைடு என்ற உப்பு) தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். அந்த நேரம் குழந்தைகளை அருகில் நிறுத்தக் கூடாது. புகை அடங்குவதற்குள் ஈயக் குச்சியால் ஒரு தொடு. குச்சியின் நுனி பாதரசம் போல உருண்டு ஓடும். கையில் இருக்கும் பஞ்சுத் துணியால் ஒரு சுழற்று சுழற்றினால் மஞ்சள் முழுக்க வெள்ளையாகிவிடும். உடனே தண்ணீரில் முக்குவார். கையால் பூசிய பாத்திரத்தில் அந்தத் துணி சுழன்ற தடம் மெல்லிய வளையங்களாகத் தெரியும். புதுப் பாத்திரம் வாங்கும்போதும் உள்ளே அந்தத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். அலங்காரத்துக்கென்று மேலே வார்னிஷ் அடித்த பித்தளையும் கடைகளில் நிற்கிறது, அதை அடுப்பில் வைக்கக் கூடாது.

பூசிக்கொண்டு வந்ததும் இரண்டு முறை தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். மரக்கரண்டி மட்டும் போடுங்கள். உட்புறத்தில் இரும்பு நார் படவே கூடாது. அடிப்பிடித்தால் வெந்நீரில் ஊறவிட்டுத் தேங்காய் நாரால் துடைத்தால் போதும். எண்ணெய் காய வைப்பது, தாளிப்பது, வறுப்பது எல்லாம் இரும்புக் கரண்டியிலும் வாணலியிலும் முடித்துவிட்டு இதில் கொட்டுங்கள். பூச்சு எத்தனை மாதம் வரும் என்று கேட்காதீர்கள், அது கரண்டி பிடிக்கும் கையைப் பொறுத்தது. அடியில் மஞ்சள் எட்டிப்பார்த்த அன்றே புளியை நிறுத்திவிட வேண்டும். பூச்சு நன்றாக இருந்தாலும் குழம்பை இராத்திரி அதிலேயே விட்டுவைக்காதீர்கள்.

ஈயச்சொம்பைப் பற்றி நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும் என்பதால் சொம்புக்கு ஆபத்தில்லை. ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்துச் சொம்பை ஏற்றிவிட்டுப் புளிக்கரைசலை எடுக்கத் திரும்பினேன். வாசலில் காய்க்காரர் கூப்பிட்டார். அரைக் கிலோ வெண்டைக்காய்க்குப் பேரம் பேசிவிட்டு வருவதற்குள் சொம்பின் அடிப்பகுதி வெல்லப்பாகு போலத் தொய்ந்து, பர்னரின் துளைகளில் வெள்ளிச் சொட்டுகளாக இறங்கிக்கொண்டிருந்தது. மாமியார் கொடுத்த சொம்பு அது. இப்போதெல்லாம் முதலில் கரைசலை ஊற்றுவேன், பிறகுதான் தீ. தீயும் சொம்பின் அடிவட்டத்துக்குள் அடங்க வேண்டும். பக்கவாட்டில் ஏறி ரச மட்டத்துக்கு மேலே நக்கினால் அந்த இடம் உருகும். பருப்பை வேறு பாத்திரத்தில் வேக வைத்துச் சொம்பில் சேர்த்து, ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: மாயவரத்துப் பெண்

மூவருக்கும் நன்றி. குண்டானை நகத்தால் கீறிப் பார்த்தேன், உதிரவில்லை. வெள்ளீயக் கட்டி வாங்கி வைத்துவிட்டேன், பூசுபவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சொம்பைத் தாளில் தேய்த்ததில் கோடு விழவில்லை. ஆனாலும் ஐயா சொன்னபடி சோதித்து வரும்வரை அது அலமாரியில் இருக்கட்டும் என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன், அவளுக்கும் சமாதானம். வெள்ளீயம், காரீயம் என்று பேத்தி இப்போது பாட்டாகப் பாடிக்கொண்டு திரிகிறாள். வெண்கலப் பானையை இண்டக்‌ஷனில் வைத்தேன், அடுப்பு ஓசை எழுப்பி அணைந்துவிட்டது. அதற்கும் ஈயம் பூச வேண்டுமா? செம்புத் தவலையில் தண்ணீர் வைத்துக் குடிக்கலாமா?

மறுமொழி: குடந்தைக் கடைவீதி

காந்தம் ஒட்டும் அடியுள்ள பாத்திரம்தான் இண்டக்‌ஷனில் சூடாகும். வெண்கலம், பித்தளை, செம்பு, வெள்ளீயம் நான்கிலும் காந்தம் ஒட்டாது. எரிவாயு அடுப்பிலேயே வையுங்கள். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த உலோகம், அதற்குப் பூச்சு போடும் வழக்கமில்லை. சோதனையில் காரீயம் இல்லையென்று வந்தால் வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், சாதம் எல்லாம் வைக்கலாம், புளிச் சமாச்சாரம் வேண்டாம். பித்தளையைப் போல அது நசுங்கித் தாங்காது. கீழே விழுந்தால் விரிசல் விடும், சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் ஊற்றினாலும் விடும். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். மணி போல நீண்டு ஒலித்தால் பானை முழுசாக இருக்கிறது. டப்பென்று அடங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது, அடுப்பில் ஏற்றாதீர்கள்.

செம்புத் தவலையில் குடிதண்ணீர் வைக்கலாம். இராத்திரி ஊற்றி மறுநாள் குடித்து முடித்துவிட்டு, காலியானதும் கவிழ்த்துக் காய வையுங்கள். எலுமிச்சை பிழிந்த தண்ணீர், மோர் எதையும் அதில் ஊற்ற வேண்டாம். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தால் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, புளி வாசனை போகும்வரை கழுவிவிட்டுத்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும்.